கை நீட்டாத வட்டம்

வீட்டு நிலை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தபோது ராஜுவின் போன் வந்தது. மாஸ்டர் நம்மை விட்டுப் போய்விட்டார் என்றான். நான் நம்பவில்லை. போனில் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவது எங்களுக்குப் பழக்கம். அவன் பைக்கை யானை மிதித்துவிட்டது என்று சொல்லி ஒரு நாள் அவனை ஓடவைத்திருக்கிறேன். அதற்குப் பழி வாங்குகிறான் என்று நினைத்து நாலு வசவு விட்டேன். அவன் திருப்பித் திட்டவில்லை. அவனுக்குப் பின்னால் யாரோ தேம்புவது கேட்டது. ராஜு திருப்பித் திட்டாதபோதுதான் என் கையிலிருந்த இழைப்புளி கீழே விழுந்தது.

செல்வராஜ் மாஸ்டரைத் தீவுக்காரர்களான உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விமானத்திலிருந்து குதிக்கப் படைவீரர்களுக்குக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். கார் நிக்கோபாரில் வேலை பார்த்த காலத்தில் தீவு பிடித்துப்போய், டெலானிபூரில் வீடு கட்டி இங்கேயே தங்கிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் குதிக்கிற ஆசை போகவில்லை. ராஜு மாதிரி சில பேரைச் சேர்த்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு தடவை கடல் தாண்டி மெயின்லேண்ட் போய்க் குதித்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் பயிற்சியெல்லாம் தரையில்தான், லம்பா லைனில் என் தச்சுப் பட்டறை முற்றத்தில்.

முதல் முறை வந்தபோது வாசலிலேயே நின்றார். நான் தலை தூக்கிப் பார்த்த பிறகுதான் காலை உள்ளே வைத்தார். நெஞ்சிலிருந்து தொடை வரை தாங்குகிற பலகைகள் வேண்டும், மூலைக்கு மூலை சக்கரம் வேண்டும் என்றார். என் வாய் சும்மா இருக்குமா. பிள்ளைக்கு நடைவண்டியா, பிணத்துக்குப் பாடையா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு செஞ்சு குடும், மேஸ்திரி" என்றார். அன்று இருவரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பலகைகளின் மேல் குப்புறப் படுத்து, கையால் சிமெண்ட் தரையைத் தள்ளித் தள்ளி வருவார்கள் பெரிய பெரிய ஆட்கள். ஒவ்வொருவராக வந்து கை கோத்து வட்டமாவார்கள். நான் அதற்கு முதலைப் பண்ணை என்று பெயர் வைத்தேன். மேலே இதையேதான் செய்ய வேண்டுமாம். பாராசூட் திறப்பதற்கு முன்னால், கல் மாதிரி விழுந்துகொண்டிருக்கும்போதே கை கோக்க வேண்டும். விழுவதில் பயமில்லை, சேர்வதில்தான் உயிர் போகும் என்பார் மாஸ்டர்.

ரொம்பச் சிரித்ததற்குத் தண்டனையாக ஒரு நாள் என்னையும் படுக்கவைத்தார். நான் ஒரு தள்ளு தள்ளி, நேராகப் போய் ராஜுவின் விலாவில் முட்டினேன். நெற்றி புடைத்தது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். "இங்கன முட்டுனா நெத்தி வீங்கும், மேஸ்திரி. மேல முட்டுனா வீங்குறதுக்கு ஆளு இருக்காது." பிறகு பக்கத்திலேயே குந்தி விளக்கினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கும் புரிகிற மாதிரி இருந்தது. முதலில் வட்டம் இருக்கிற மட்டத்துக்கு வர வேண்டும். வந்து, எட்டவே நின்று, வேகத்தைக் கொன்றுவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போக வேண்டும். யாருடைய முதுகுக்கு மேலேயும் போகக் கூடாது. கீழே விழுகிறவன் காற்றை மறைத்துவிடுவான், மேலே இருப்பவனைத் தாங்க ஒன்றும் இருக்காது, அவன் மேலேயே போய் விழ வேண்டியதுதான். தவறிக் கீழே இறங்கிவிட்டால் வட்டத்துக்கு அடியில் நிற்காமல் பக்கத்தில் விலகிவிட வேண்டும்.

வட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். வருகிறவனுக்குக் கை நீட்டக் கூடாது. பிகாஷ் விஷயத்தில்தான் அதைப் பார்த்தேன். பிகாஷ் வங்காளி, படகில் வேலை. படகு அணைகிற ஜெட்டியில் கயிறு கட்டுவதற்கு முன்பே தாவிக் குதிக்கிற ஆள். பலகையிலும் அப்படித்தான், ஒன்று தாண்டிப் போவான், இல்லை முட்டுவான். இரக்கப்பட்டு ராஜு ஒரு நாள் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். வட்டம் கோணிக்கொண்டது. மாஸ்டர் பிகாஷை ஒன்றும் சொல்லவில்லை, ராஜுவைத்தான் பிடித்தார். "கை நீட்டுனா அவனுக்கு ஒதவி இல்ல. வட்டத்தத்தான் ஒடைக்க. அவனுக்கு இடம் விட்டுட்டு அசையாம இரு. அவன் வருவான்." பிறகு பிகாஷைப் பார்த்து, நம் எல்லோருக்கும் பொதுவான இந்தியில், "ஆராம் ஸே" என்றார். மெதுவாக, அவசரமில்லாமல் வா என்று. அன்று பிகாஷ் வந்து சேர எனக்கு ஒரு டீ முழுக்க ஆறிப்போனது.

பிகாஷின் கோளாறு என்னவென்றும் மாஸ்டர் கண்டுபிடித்திருந்தார். படகு கரையை நெருங்கும்போது அவன் வேலை, கயிறு மாட்டுகிற இரும்புக் கட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது. மிச்சத்தைப் படகு ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்வார். அந்தப் பழக்கம் பலகையிலும் வந்துவிட்டது. கட்டையைப் பார்க்காதே, ஜெட்டி முழுவதையும் பார் என்று மாஸ்டர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தரையில் திருந்திவிட்டான். எங்களுக்கெல்லாம் அப்படித்தான் தோன்றியது, மாஸ்டருக்கும்.

நடந்ததை ராஜு சொன்னபடி எழுதுகிறேன். மெயின்லேண்ட் போன அந்தப் பயணத்தின் கடைசிக் குதிப்பு. வட்டம் சேர்ந்தாயிற்று. மாஸ்டருக்குப் பக்கத்தில் பிகாஷுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவன் பிந்தி வந்தான். மட்டத்துக்கு இறங்கி நிற்காமல் மேலிருந்தே சரிந்து வந்தான். விட்டிருந்த இடம் மட்டுமே அவன் கண்ணில் இருந்தது. அவனுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் இருந்த மாஸ்டரின் முதுகு கண்ணில் படவில்லை. அந்த முதுகுக்கு மேல் வந்ததும் காற்று அவனைக் கைவிட்டது, மாஸ்டர் மேலேயே போய் விழுந்தான். நினைவில்லாதவனுக்கும் தானாகத் திறக்கிற பாராசூட் உண்டாம். அது சரியாகத் திறந்தது. மாஸ்டர் மெதுவாக, ஆடி ஆடி, பத்திரமாக இறங்குகிற ஆள் மாதிரியே இறங்கினார். ஓடிப்போனவர்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

உடல் விமானத்தில் வந்தது. டெலானிபூர் வீட்டில் நாம் எல்லோரும் இருந்தோம். பிகாஷைப் பற்றி அங்கே என்னென்ன பேசினோம் என்று நமக்குத் தெரியும். கொலைகாரன் என்ற சொல்லும் விழுந்தது. அப்போதுதான் யாரோ கீழே ரோட்டைக் காட்டினார்கள். வலது கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்டபடி அவன் சரிவின் அடியில் நின்றான். இரண்டு பேர் விரட்ட எழுந்தார்கள். ராஜு அவனைக் கூட்டிவரவா, தடுக்கவா என்று தெரியாமல் எழுந்தான். என் நாக்கிலும் ஒரு சொல் தயாராக இருந்தது. நான் ஒரு சொல் எறிந்தால் எங்கே போய்ப் படும் என்று உங்களுக்குத் தெரியும்.

மாஸ்டர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜெயா அக்கா எங்களைப் பார்த்தார். அழுது குரல் போயிருந்தது.

"யாரும் எறங்கிப் போகாதீங்க. விரட்டவும் வேண்டாம், இழுத்துட்டு வரவும் வேண்டாம். இருந்த இடத்துல இருங்க."

சொல்லிவிட்டு, கால்மாட்டில் இருந்தவர்களைக் கொஞ்சம் நகரச் சொன்னார். ஒரு ஆள் உட்காருகிற இடம் உண்டானது. அதன் பிறகு அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. நாங்களும் உட்கார்ந்தோம். கோபம் தீர்ந்துவிடவில்லை. எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் அசையவில்லை.

பிகாஷ் சரிவில் ஏறினான். கேட்டுக்கு வெளியே நின்றான். தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றான். வாசலில் நின்றான். ஒவ்வொரு இடத்திலும் எங்கள் எல்லோருடைய முகத்தையும், ஒன்றுகூட விடாமல் பார்த்தான். வாசலைத் தாண்டி வர முடியவில்லை.

"ஆராம் ஸே" என்றார் ஜெயா அக்கா.

அவன் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தான். இடது கையால் மாஸ்டரின் காலைத் தொட்டான். யாரும் அவனை அணைக்கவில்லை. யாரும் அடிக்கவும் இல்லை.

பலகைகள் பட்டறைச் சுவரில் சாய்த்திருக்கின்றன. யாரும் படுப்பதில்லை. பிகாஷ் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் வரிசைக் கடையோரம் வந்து நின்றுவிட்டுப் போகிறான். நான் கூப்பிடுவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. முற்றத்தைப் பெருக்கிவைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். ஒருவன் எட்டவே நின்று தயங்கும்போது வாயை மூடிக்கொண்டு இடம் விட்டு இருப்பது. மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். என் வாயை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது சின்னச் சொத்து இல்லை.