அப்பா சொன்ன "தெரியல"

இன்னைக்கு ஜெயங்கொண்டம் பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரர், "அப்பாவுக்கு எல்லாமே மறக்குதுங்க. வயசாயிடுச்சு, என்ன பண்றது"ன்னார்.

எண்பதுகள்ல நானும் அதையேதான் சொன்னேன்.

அம்மா இறந்த ஆறு மாசத்துல எங்கப்பா பேச்சைக் குறைச்சுட்டார், எல்லாத்தையும் மறந்தார். பெரம்பலூர்ல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

"தெரியல."

"எத்தனை பிள்ளைங்க?"

"தெரியல, விடுங்க."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

டாக்டர் என்கிட்ட, "மறதி நோய்க்காரங்க பெரும்பாலும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாங்க. இவர் யோசிக்கவே இல்ல. இது மறதி நோய் இல்ல, துக்கத்துல வந்த மனச்சோர்வு. மாத்திரையில சரியாகும்"னார்.

மூணாவது மாசம் அப்பா, "முந்திரித் தோப்புக்கு மருந்தடிச்சியாடா?"ன்னு அதட்டினார். திட்டு வாங்கிட்டு நான் சந்தோஷப்பட்டது அன்னைக்குத்தான்.

இதைக் கேட்டதும், "நாளைக்கே அப்பாவை டாக்டர்கிட்ட காட்டிடறேங்க"ன்னார் சீட்டுக்காரர்.

இந்தப் பேச்சுல நான் இறங்கவேண்டிய உடையார்பாளையம் தாண்டிடுச்சு. என்னை யார்கிட்ட காட்டலாம், சொல்லுங்க.