எலுமிச்சைக் கன்றுக்குக் கட்டிய திராட்சை வலை

எலுமிச்சைப் புழுவைச் சீண்டினால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகளை நீட்டும். அப்போது கிளம்புகிற வாடை, அழுகிய பழத்தை இலையோடு சேர்த்துக் கசக்கியதுபோல் விரலில் ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டாலும் சோற்றுத் தட்டு வரைக்கும் கூடவே வரும். ஏழு வயதில் அந்த வாடை எனக்குப் பழகிப்போனதற்கு அப்பாதான் காரணம்.

ராயப்பன்பட்டியில் எங்களுக்கு இருந்தது திராட்சைத் தோட்டம். கொடி, பந்தல், மருந்து, வியாபாரி எல்லாமே அப்பாவின் ராஜ்ஜியம். அம்மாவுக்கென்று இருந்தது, சின்னமனூரில் பிறந்த வீட்டிலிருந்து மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து கொல்லையில் நட்ட ஒரே ஓர் எலுமிச்சைக் கன்று. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போதுகூட அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் சேலை மாற்றுவாள்.

கன்று என் இடுப்பளவு வளர்ந்தபோது இலைகளில் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் தெரிந்தன. திராட்சை போட்டவருக்குப் பறவையைவிடப் பெரிய எதிரி கிடையாது. "குருவி எச்சம் போட்டு வச்சிருக்கு. விட்டா குருத்தையும் கொத்திப்புடும்" என்று சொல்லி, பழம் பழுக்கும்போது பந்தலுக்குப் போடும் "குருவி வலை"யில் ஒரு துண்டை வெட்டிவந்து கன்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார் அப்பா. "நாஞ் சொல்ற வரைக்கும் யாரும் இத அவுக்கக் கூடாது."

மறுநாள் அந்த எச்சம் நகர்ந்ததை நான் பார்த்தேன். அத்தனையும் புழுக்கள். நாளாக ஆக அவை பச்சை நிறமாகி விரல் பருமனுக்குக் கொழுத்தன. தின்ன வந்த குருவிகள் வலைமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்துபோயின. நான் வலைக்கண்ணுக்குள் விரலை விட்டு அவற்றைக் கொம்பு நீட்டவைத்து விளையாடினேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. அப்பா செய்தது தப்பு என்று சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. துளிர்த்ததையெல்லாம் அவை தின்றுதீர்த்தன. திராட்சை வெட்டு முடிந்து அப்பா வலையை அவிழ்த்தபோது முள்ளும் காய்ந்த குச்சியும்தான் மிச்சம். "மண்ணு சரியில்ல" என்றார். அம்மா அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள்.

இன்று அந்தப் பந்தல் இல்லை; அப்பாவும் இல்லை. போன மாதம் ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"நானும் பாத்தேன் ஆத்தா. கட்டுனது உங்கப்பா. அவுக மொகத்துக்கு நேரா எப்பிடிச் சொல்றது?"

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். ஆனாலும் அதை அவள் குரலைத் தணித்துத்தான் சொன்னாள்.