கேற்றில் காயப்போட்ட பை

மாரி தொடங்குமுன் அலுமாரியை வெறுமையாக்குவது எங்கள் வீட்டு வழக்கம். கடல் கிட்ட இருப்பதால் மழை மாதங்களில் சுவர்கூட வியர்க்கும். சரியாகக் காயாத சாரன் ஒன்று உள்ளே கிடந்தால் போதும், பெருநாளுக்கு உடுப்பு எடுக்கும்போது அடுக்கு முழுக்கப் பூஞ்சணம் மணக்கும். அதனால் எல்லாவற்றையும் வெயிலில் போட்டு, அடுக்குகளைத் துடைத்து, பூச்சி உருண்டை வைத்து, மழைக்குத் தேவைப்படாததைப் பொலித்தீனில் சுற்றி மேல்தட்டில் ஏற்றுவோம். மடிப்பது மனைவி. கொடி கட்டுவதும் தூக்குவதும் நான்.

போன மாரிக்கு முன்புதான் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டை மகளின் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் பின்னறைக்கு மாறிவிட்டோம். அலுமாரி மட்டும் நடு அறையில், எல்லோருக்கும் பொதுவாக நின்றது.

ஆனால் மருமகன் அதைத் திறந்ததே இல்லை. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் அவருக்கு வேலை. கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. காலையில் அதிலிருந்து சேர்ட்டை எடுப்பார், துவைத்துக் காய்ந்ததை அதற்குள்ளேயே வைப்பார். அவரும் அதிகம் கதைக்க மாட்டார், நானும் கதைக்க மாட்டேன். ஸலாம் சொல்வோம், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான்.

அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நானும் இதே வீட்டுக்கு ஒரு பையோடுதான் வந்தேன். அலுமாரியில் வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. வெகுகாலம் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் என் சேர்ட் தொங்கியது. இவருக்கு அப்படி இருக்கக் கூடாது. வாயால் சொல்ல வெட்கம். செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

வெயில் நன்றாக எறித்த ஒரு நாள், அவர் கடைக்குப் போன பிறகு, என்னுடைய அடுக்கைக் காலி செய்தேன்.

“ஒங்கட சாரனெல்லாம் எங்க வைக்கப் போறீங்க? தலையிலயா?” என்றாள் மனைவி.

“பின்னறைல பெட்டி கிடக்கே.”

அவள் துடைப்பதற்குப் பழைய துணி ஒன்றைக் கிழித்துத் தந்தாள்.

மருமகனின் பையை இழுத்து, உடுப்புகளைக் கொடியில் விரித்தேன். பையின் அடியில் ஏற்கனவே பூஞ்சணம் பிடித்திருந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயில் கூடுதலாக விழும் இடம் பார்த்து, கேற்றுத் தூணின் மேல் வைத்தேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

பகல் சாப்பாட்டு நேரம் கடந்தும் மருமகன் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டி மனைவியைக் கூப்பிட்டாள்.

“என்ன கா, ஒங்கட மருமகன் கேற்றடிக்கு வந்து, பேக்கப் பாத்துட்டு, சைக்கிளத் திருப்பிட்டுப் போறாரே?”

மகள் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழத் தொடங்கினாள். காலையில் இருவருக்கும் சின்னச் சண்டையாம். “ஒங்கட உம்மாட ஊட்டயே போய் இருங்க” என்று இவள் சொல்லியிருக்கிறாள். போன் அடித்துப் பார்த்தால் அவர் எடுக்கவில்லை.

“பொண்டாட்டிர ஊட்டுக் கேற்றில பேக்க வெச்சா, மனிசன் என்னண்டு நினைப்பாரு?” என்றாள் மனைவி. “நீங்க வெச்சத நீங்களே போய்ச் சொல்லுங்க.”

கதைக்கத் தெரியாதவனைத் தூது அனுப்புகிறார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதில் இருக்கும் சம்மந்தி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மருமகனின் உம்மாவை வாசலில் கண்டதும் எல்லாம் மறந்துவிட்டது.

“பேக்கயும் கொண்டு வந்திருக்கலாமே, சம்மந்தி” என்றார்.

மருமகன் உள்ளே கதிரையில் தலை குனிந்து இருந்தார். நான் அவர் காலைப் பார்த்தேன், அவர் என் காலைப் பார்த்தார்.

“மனே” என்றேன். “பேக்கக் கழுவினது நான்தான். பூஞ்சணம் புடிச்சிருந்திச்சு. அலுமாரில ஒங்களுக்கு அடுக்கு ஒதுக்கி இருக்கன்.” வெளியே பார்த்தேன், மேற்கே மேகம் கறுத்திருந்தது. “மழ வரப் போகுது. உடுப்பெல்லாம் கொடில கிடக்கு. மடிக்க ஆளில்ல.”

அவருடைய உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “கடைல நாள் முழுக்க மடிக்கிறவன்தானே. போடா, போய் மடி.”

திரும்பி வரும்போது அவர் முன்னால் போனார். கேற்றைத் திறந்ததும் நேரே கொடிக்குத்தான் போனார். முதல் தூறல் விழுமுன் இருவரும் எல்லாவற்றையும் அள்ளி நடு அறையில் குவித்தோம். அவர் நிலத்தில் சம்மணமிட்டு மடிக்கத் தொடங்கினார். தன்னுடையதை, பிறகு மகளுடையதை, கேட்காமலேயே என் சாரன்களையும். கடையில் அடுக்கிய மாதிரி ஓரங்கள் ஒன்றுக்கொன்று நேராக இருந்தன. தன் உடுப்பை ஒதுக்கிய அடுக்கில் தன் கையாலேயே வைத்தார்.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கண் இன்னும் வீங்கியிருந்தது.

“பேக் காயல்ல” என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். “இண்டைக்கு எங்கயும் போக ஏலா.”

மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணியை வாங்கினார்.

அடுத்த நாள் கொஞ்சம் வெயில் எறித்தது. பை காய்ந்ததும் அவரே அதை உள்ளே கொண்டுவந்தார். திரும்பவும் கட்டிலுக்குக் கீழேதான் போகிறதோ என்று எட்டிப் பார்த்தேன்.

“மாமா, பழைய பெட்சீற்றெல்லாம் இதுக்குள்ள போட்டு மேல வைப்பமா?”

“ஓம் மனே” என்றேன்.

நான் கதிரையைப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறி அதை அலுமாரியின் தலைக்கு மேல், சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தார்.