பதினாறு விநாடி வாய்ஸ் மெசேஜ்

இன்று காலை சிறுசேரி பஸ்ஸில் ஸ்டெல்லா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட்டில்தான் இருக்கிறார், டீச்சராக வேலை பார்க்கிறார். அவருடைய தம்பியை ஐரோப்பாவில் ஒரு பஸ் ஸ்டாப்பில் சிலர் அடித்துப் போட்டார்கள். இன்னும் ஒரு காது கேட்கவில்லை அவனுக்கு.

"பிரபா, உனக்கு அந்த ஊர் பாஷை தெரியும்ல? இதக் கேளேன்" என்று போனை நீட்டினார்.

அடி விழுந்தபோது அவன் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்; போன் கை தவறியதும் அது அப்படியே அக்காவுக்கு வந்துவிட்டது. "அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கிட்டியா?" என்கிறான். அப்புறம் வேறு குரல்கள்.

கிளையண்ட்டுக்காக நான் கற்ற மொழி. எல்லாமே புரிந்தது. அவன் நிறத்தைச் சொல்லித் திட்டுகிறார்கள். உன் ஊருக்கு ஓடு என்கிறார்கள்.

சொன்னேன். அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அடிக்கும்போது என்ன சொன்னாங்கன்னு அங்க போலீஸ் கேட்டாங்களாம். இவனுக்கு பாஷை புரியல, தெரியாதுன்னுட்டான். சாதாரண அடிதடின்னு கேஸை முடிச்சிட்டாங்க."

"இத அவங்களுக்கு அனுப்பலையாக்கா?"

"அனுப்பினேன்பா. முடிஞ்ச கேஸுன்னு பதில் வந்துச்சு. இங்க ஸ்டேஷன்ல, எங்க லிமிட் இல்லம்மான்னுட்டாங்க."

வரி ஏய்த்தவனைப் பிடிக்க நாடுகள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. நிறத்தைப் பார்த்து அடித்தவனைப் பிடிக்க மட்டும் ஏன் எல்லோரும் சேர்ந்து ஒன்று போடக்கூடாது?

அந்தக் குரல்கள் ஒரு நொடியில் மேடவாக்கம் வந்து சேர்ந்துவிட்டன. புகார்தான் எங்கும் போய்ச் சேரவில்லை.

அவர்கள் திட்டியதில் மிகக் கேவலமான ஒரு வார்த்தையை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவில்லை. எழுதி வைத்திருக்கிறேன். இது யாருடைய லிமிட் என்று தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.