ஆண்டாயி நின்ற பெரட்டு

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுப்பதை மஸ்டர் என்பார்கள். ஆண்டாயி மட்டும் பெரட்டு என்பாள். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, பாவாடை கட்டும் வயதில் கப்பலேறி வந்தவள். அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இங்கே தலை நரைத்து, ரிடையராகி, மறுபடி தினக்கூலிக்கு வந்த பிறகும் அவள் வாயில் மஸ்டர் நுழையவே இல்லை. சூப்பர்வைசர் சிவகுரு திருத்திப் பார்த்துச் சலித்துப்போனார்.

“ஏனுங்கக்கா, இத்தன வருசமா இங்க கொழுந்து எடுக்கறீங்க. மஸ்டர்னு சொல்ல இன்னும் வரலீங்களா?”

“நீங்க மஸ்டருக்கு வாங்க தம்பி. நான் பெரட்டுக்கு வாரேன். ரெண்டும் ஒரே எடத்துலதான இருக்கு.”

அந்தப் பெரட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமல் இருக்கப் பெண்கள் இடுப்பில் தடித்த படங்கு கட்டுவார்கள். படங்கு கட்டி நின்றால் வேலைக்குத் தயார் என்று பொருள். சூப்பர்வைசர் பேரைக் கூப்பிட்டு, மலை சொல்வார். தேயிலைக் காட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மலை என்றுதான் பேர். சொன்ன வேலையில் நியாயம் இல்லையா, வாய் திறக்க வேண்டியதில்லை. படங்கை அவிழ்த்து, மடித்துக் காலடியில் வைத்துவிட்டு நின்றால் போதும். ஆண்டாயியின் அம்மா அக்கரையில் அப்படி வைத்திருக்கிறாள், இங்கு வந்தும் வைத்திருக்கிறாள். கங்காணி கத்துவான், தொரை கத்துவார், அம்மா நின்றபடி நிற்பாள்.

பழைய தொரை பங்களாவில் விருந்தாளிகளைத் தங்கவைக்க ஆரம்பித்ததும்தான் வம்பு வந்தது. தங்குகிறவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் ஏதாவது வேடிக்கை வேண்டுமாம். மேனேஜர் யோசித்தார். ‘தேயிலைப் பரேட்’ என்று வர்ணம் அடித்த போர்டு ஒன்று பங்களா வாசலில் வந்து நின்றது. பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலையில், முதுகில் மூங்கில் கூடையோடு வரிசையாக நிற்க வேண்டும். கூடையை யார் இப்போது கண்டது? எல்லாம் நைலான் சாக்கும் கத்திரியும்தான். கூடைகளைக் கீழே சமவெளியிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பக்கத்து லயத்து வீட்டுச் சுஜாதா ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

“பெரிம்மா, இதுல கோழி வேணா மூடலாம்.”

சிவகுரு எல்லோருக்கும் விளக்கினார். “வந்து நிக்கோணும், சிரிக்கோணும், திரும்பிக் கூடையக் காட்டோணும். அவ்வளவுதானுங்க. கொழுந்து எடுக்கற வேலையே இல்லீங்க.” பிறகு ஆண்டாயியிடம் தனியாக வந்து குரலைத் தணித்தார். “அக்கா, நீங்க தினக்கூலி. இதுக்கு ஒத்துவரலீன்னா திங்கக்கெழமை உங்க பேரக் கூப்பிட வேண்டாம்னு மேனேஜர் சொல்லிப்போட்டாருங்க. எம்மேல கோவிச்சுக்காதீங்க.”

ஆண்டாயிக்கு அந்தப் பேர்தான் எல்லாம். காலைக் குளிரில் தன் பேரை ஊர் கேட்க ஒருவர் கூப்பிட வேண்டும், “இருக்கேன்” என்று அவள் சொல்ல வேண்டும். அது இல்லாத நாளில் படுக்கையை விட்டு எழுந்ததாகவே அவளுக்குத் தோன்றாது. திருப்பூரிலிருந்து மகன் தன்னோடு வந்து இருக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனதும் அதனால்தான்.

விருந்தாளிகளுக்கு இங்கிலீஷில் விளக்கம் சொல்ல செலஸ்டின் என்பவரை வைத்திருந்தார்கள். வெலிங்டனில் ராணுவ ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். போர்டுக்குப் பக்கத்தில் நின்று, சொல்ல வேண்டியதை வாய்க்குள் முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தவரிடம் ஆண்டாயி போனாள்.

“சார், இதுல என்னா எழுதியிருக்கு?”

“தேயிலைப் பரேட்னு போட்டிருக்கும்மா.”

“பரேட்டுன்னா?”

“உங்க பெரட்டுதான். வெள்ளைக்காரன் பரேட்னு சொன்னத உங்க ஆளுங்க பெரட்டுன்னு ஆக்கிட்டாங்க. வெலிங்டன்ல பட்டாளம் போய் நிக்குதே, அதுவும் இதே சொல்லுதான்.”

ஆண்டாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப இத்தன காலமா நான் இங்கிலீசா பேசிக்கிட்டிருந்தேன்? சிவகுரு தம்பிகிட்ட சொல்லிப்புடாதீங்க, தாங்க மாட்டாரு. சரி, அதுக்கு அர்த்தம் வேடிக்க காட்டுறதா?”

சொல்லைப் பற்றிக் கேட்டால் செலஸ்டினுக்கு டீ ஆறுவதுகூடத் தெரியாது. “அந்த அர்த்தமும் இருக்கும்மா. ஆனா வேரு லத்தீன்ல இருக்கு. அதுக்கு அர்த்தம் ஆயத்தம் பண்றது. அங்கேருந்து ஒவ்வொரு ஊர்க்காரனும் ஒவ்வொரு பக்கம் இழுத்துட்டுப் போனான். ஸ்பெயின்காரன் நிக்கிறதுக்கு வச்சுக்கிட்டான். இத்தாலிக்காரன் மேல விழுற அடியத் தடுக்குறதுக்கும் சொன்னான், பகட்டுக்கும் சொன்னான். பிரெஞ்சுக்காரன் படைய நிறுத்திக் காட்டுறதுக்கு வச்சான். அவன்கிட்டேருந்துதான் இங்கிலீஷ்காரன் வாங்கினான்.”

“காட்டுறது கடேசியாத்தான வந்துச்சு?”

“எது முன்ன, எது பின்னன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வேரு ஆயத்தம். அது நிச்சயம்.”

“எனக்கு அது போதும் சார்.”

“அப்ப நாளைக்கு வரமாட்டீங்களா?”

“பெரட்டுக்கு வராம எங்க போவேன்?”

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். நிறம் போன தன் சேலை, மேலே மகனின் பழைய சட்டை, இடுப்பில் படங்கு, கையில் சாக்கு. கூடை இல்லை. சிவகுரு பார்த்துப் பல்லைக் கடித்தார். அதற்குள் விருந்தாளிகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

“சிரிங்க. அப்படியே திரும்புங்க.”

வரிசை திரும்பியது. ஆண்டாயி திரும்பவில்லை. “தம்பி, எந்த மலை?”

“மலையெல்லாம் இல்லீங்கக்கா. இன்னைக்குச் சும்மா நிக்கறதுதான்.”

“பெரட்டுல ஆள நிறுத்துனா மலை சொல்லணும். சொல்லுங்க, போறேன்.”

“ஆளுங்க பாக்கறாங்கக்கா.”

“பாக்கத்தான கூட்டிக்கிட்டு வந்தீங்க.”

ஆண்டாயி முடிச்சை அவிழ்த்தாள். படங்கை உதறி, நாலாக மடித்து, காலடியில் வைத்து நிமிர்ந்தாள். பக்கத்தில் சுஜாதா இடுப்பைத் தடவிப் பார்த்தாள். புதுச் சேலைக்கு மேல் படங்கு கட்ட விடவில்லையே. முதுகிலிருந்த கூடையைக் கழற்றி, அந்தப் படங்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். இன்னும் சில கூடைகள் தரைக்கு வந்தன. சில வரவில்லை.

இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒரு பெண் மட்டும் செலஸ்டினிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அவர் சிவகுருவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். கைதட்டல் நின்றது.

திங்கட்கிழமை ஆண்டாயி பேர் வரவில்லை.

“பெரிம்மா பேர் விட்டுப்போச்சு,” என்றாள் சுஜாதா.

“விட்டுப்போகலீங்க,” என்றார் சிவகுரு, முகத்தைப் பார்க்காமல்.

மற்றவர்கள் தயங்கித் தயங்கி மலைக்குப் போனார்கள். பங்களாவுக்கு எதிரே இருந்த பெரட்டுக் களத்தில் ஆண்டாயி மட்டும் படங்கு கட்டியபடி நின்றாள்.

“ஊட்டுக்குப் போங்கக்கா. மஸ்டர் முடிஞ்சுது.”

“மஸ்டர் முடிஞ்சிருக்கும் தம்பி. பெரட்டு கலையலியே. ஒரு ஆளு நிக்குதுல்ல.”

மிஞ்சிப்போனால் அரை மணி நிற்பாள் என்று நினைத்தார். மூடுபனி ஏறி வந்து அவளை மூடியது, விலகியது, தூறல் போட்டது. அவள் நின்றாள். மறுநாளும் நின்றாள். பங்களா மாடியில் காபி குடிக்கிறவர்கள் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. அந்த அம்மா ஏன் தனியாக நிற்கிறாள் என்று கேட்டபடி இருந்தார்கள். செலஸ்டினும் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏற்பாடு செய்யாத வேடிக்கையை மேனேஜரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அதற்கடுத்த நாள் எல்லாப் பேரும் முடிந்த பிறகு சிவகுரு பங்களா மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அட்டை மொய்க்கிற, ஆடும் ஏறத் தயங்குகிற சரிவைத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

“ஆண்டாயி. மேல் மலை.”

அவள் படங்கு முடிச்சை இன்னொரு தரம் இழுத்து இறுக்கினாள்.

“இருக்கேன்.”