அவசர வழியின் சாவி

"பார்வையாளர்களின் பாதுகாப்புக்காகத் தடுப்பு அமைக்கப்பட்டுள்ளது" என்கிறது ஆவடியில் ஒரு கால்பந்து மைதான வாசலில், நேற்றைய தேதியிட்டு ஒட்டியிருக்கும் அறிவிப்பு. உள்ளே ஆளுயரக் கம்பித் தடுப்பு. அதில் 'அவசர வழி' என்று எழுதிய கதவில் பெரிய பூட்டு. ஒவ்வொரு கோலுக்கும் கூட்டம் முன்னே சாய்கிறது. பந்து மிகப் பாதுகாப்பாக இருக்கிறது.

என்னருகே கம்பியோடு நசுங்கும் ஒருவர், மகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, அந்தப் பக்கம் நிற்கும் காவலாளியிடம் கத்துகிறார்: "அண்ணாத்தே, கதவத் தொற! கொயந்த கீது!"

"சாவி கிளப்பு செயலாளராண்ட கீது நைனா. அவரு கல்யாணத்துக்கு மாங்காடு போய்கீறாரு."

"அப்ப தாலி கட்டி முடிக்கிற வரிக்கும் நாங்க மூச்சு உடக்கூடாதா?"

காவலாளி யோசித்து, குழந்தையை மட்டும் கம்பிக்கு மேலாக வாங்கிக்கொள்கிறார். தந்தை பாதுகாப்பாக இந்தப் பக்கமே இருக்கிறார்.

மாங்காடு போயிருப்பது இந்தப் பூட்டின் சாவிதானா என்பதை இன்னும் சரிபார்க்க முடியவில்லை.