மெச்சோவின் புண்ணும் மெத்தோடியின் மருந்தும்

எங்கள் கட்டடத்தில் யாருக்கு எது வந்தாலும் ரகியாதான் மருந்து. அவரவர் வீட்டில் காய்ச்சிய பழச்சாராயம். தொண்டை கட்டினால் கொப்பளிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் நெஞ்சில் தேய்க்க வேண்டும். செத்தாலும் விடமாட்டார்கள், தரையில் இரண்டு சொட்டு ஊற்றுவார்கள். எனக்கு நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கீழ்வீட்டு டோன்கா டிராலிபஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள். நடுவழியில் கதவைத் திறக்கச் சொன்ன அதிகாரியையே "உக்காருய்யா" என்று அடக்கியவள். தனியாள். முற்றத்து நாய் மெச்சோதான் அவளுக்குத் துணை. எல்லோரும் எலும்பு போட்டு வளர்த்த நாய் அது. வெயில் காலத்தில் அதன் தொடையில் முடி உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து நீர் கசிந்தது. அவ்வளவுதான், ஒரே நாளில் சொறிநாய் ஆகிவிட்டது!

கட்டடப் பொறுப்பாளர் மெத்தோடி கூட்டம் போட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறலன்னா நாய்பிடிக்கிற வண்டி வரும். எனக்கு வேற வழியில்ல."

"உனக்குத் தோல்ல படை வந்தப்ப நாங்க வண்டியைக் கூப்பிட்டோமா?" என்றாள் டோன்கா. எலும்பு போட்டவர்கள் எல்லோரும் மெல்ல நழுவினார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, சொறி இல்லை, தெள்ளுப்பூச்சி கடித்ததைச் சொறிந்தே புண்ணாக்கிக்கொண்டது என்றார். டோன்கா அவர் சொன்னபடி சுற்றிலும் முடியைக் கத்தரித்தாள். காய்ச்சி ஆறவைத்த உப்புத்தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். தெள்ளுக்கு மருந்து விட்டாள். நக்காமலிருக்க, பழைய வாளியின் அடியை அறுத்துக் கழுத்தில் மாட்டினாள். அதைப் பார்த்துச் சிரிக்க மட்டும் எல்லா ஜன்னலும் திறந்தது!

சாயங்காலம் புண் காய்ந்திருக்கும். காலையில் பார்த்தால் மறுபடி ரத்தச் சிவப்பு. வெள்ளி நெருங்க நெருங்க, ராத்திரியில் யாரோ கைவைக்கிறார்கள் என்ற சந்தேகம் அவளுக்கு வலுத்தது.

வியாழன் விடியற்காலையில் என்னையும் எழுப்பிக் கூட்டிப்போய்த் தன் வீட்டு ஜன்னலோரம் நின்றாள். முற்றத்துக்கு வந்தது மெத்தோடி! பாதி சவரம் செய்த முகம், ஒரு கையில் பஞ்சு, மற்றதில் ரகியா புட்டி. மெச்சோ வாலை ஆட்டியது. அவர் குனிந்து புண்ணில் அழுத்தித் தேய்த்தார்.

நாங்கள் ஓடினோம். "அடப்பாவி! நீதானா?"

"கத்தாத டோன்கா. நாளைக்கு வண்டி வருது. அதுக்குள்ள ஆறிடணும்னு தினமும் போடறேன். எங்க அப்பா காய்ச்சின பிளம் ரகியா, என் மகன் கல்யாணத்துக்கு வச்சிருந்தது." அவர் கண் கலங்கியிருந்தது.

டோன்கா பஞ்சைப் பிடுங்கி, அவர் தாடையிலிருந்த சவர வெட்டில் வைத்து ஒரே அழுத்து அழுத்தினாள். மெத்தோடி போட்ட அலறலில் மேல்மாடிவரை விளக்கு எரிந்தது.

"எரியுதா? இத்தனூண்டு கீறலுக்கே இந்தக் கத்து! அதுக்குத் தோலே இல்லய்யா அங்க. ஆனா ஒரு நாளாவது கத்துச்சா? உன்னைக் கடிச்சுச்சா? நீ நல்லதுதான் செய்வேன்னு வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சுய்யா!"

மெத்தோடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நாய்வண்டி ஆபீஸ் திறக்கும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டு, "நாளைக்கு... அந்த நாய்..." என்று இழுத்தார். டோன்கா போனைப் பிடுங்கினாள்.

"நாளைக்கு வரவேண்டாம். நாய்க்கு ஒண்ணுமில்ல. வைத்தியம் பாத்தவனுக்குத்தான் புத்தி இல்ல."